எல்லைப்புற எழுத்துகளும் ஒரு நீரேற்றுப் பொறியும்

ஆண்டு மலருக்கு வரலாற்றுக் கட்டுரை ஒன்று எழுதித் தருக எனச் சங்கச் செயலாளர் அவர்கள் பணித்தபோது எளியேன் பெரிதும் தயங்கினேன். பத்தாம் வகுப்போடு பள்ளியை விட்டு, இரயில்வே அலுவலகத்தில் பதிவேடுகளைப் புரட்டிக் காலங்கழிப்பவன் எந்த வரலாற்றை எழுதுவது? சேர சோழ பாண்டியர் பெருமையைக் கற்றோர் பலர் எழுதிவிட்டனர். ஆயினும் சென்ற கோடையில் நம் காலனியில் நான்கு நாள் குடிநீர் இல்லாமற் போனதை ஒருவரும் மறந்திருக்க மாட்டீர்கள். அதற்குக் காரணம் ஓர் எழுத்து. அந்த எழுத்தைத் தொடர்ந்து போனவன், எங்கள் சொந்த ஊர்ப்பக்கமாகிய பாறசாலை, நெய்யாற்றங்கரை எல்லைச் சிற்றூர்களின் பழங்கதையில் போய் நின்றேன். அதையே இங்கு எழுதுகிறேன்.

முதலில் நீரேற்றுப் பொறியின் செய்தியைச் சொல்லிவிடுகிறேன். நம் காலனியின் பம்பு 1990களில் நிறுவப்பட்டது. அதனுடன் வந்த அச்சுப் புத்தகத்தைக் கறையான் தின்றுவிட்டது. அப்புத்தகமே ஒரு பிளாப்பித் தகட்டிலும் வந்திருந்தது. அதிலிருந்ததை யாரோ புண்ணியவான் குறுந்தகட்டுக்கு மாற்றி வைத்திருந்தார். சென்ற ஆண்டு பொறியின் கட்டுப்பாட்டுப் பெட்டியைப் புதிதாக மாற்றிய வேளையில், அந்தக் குறிப்பை இக்காலக் கணினியில் திறந்து அச்சடித்து மின்பணியாளர் கையில் கொடுத்தோம். பேரிங் வழக்கமாக ஓடும் சூட்டைவிட 10 பாகை கூடினால் பொறி தானே நின்றுவிட வேண்டும் என்பது மூலத்தில் இருந்த செய்தி. தாளிலோ பாகையைக் குறிக்கும் சிறுவட்டம் வரவில்லை. அதன் இடத்தில், குறுக்கே சாய்கோடு கிழித்த ஒரு வட்டம் வந்து உட்கார்ந்திருந்தது. பழைய கணினி அச்சுகளில் சுழியத்துக்குச் சாய்கோடு போடுவது வழக்கமாதலின், அவர் அதனைச் சுழியம் என்றே கொண்டு 10 என்பதை 100 என்று படித்தார். அப்படியே பெட்டியிலும் அமைத்தார். அவர்மேல் குற்றமில்லை. அச்சடித்துக் கொடுத்தவர்களில் நானும் ஒருவன். பேரிங் காய்ந்தது, இறுகியது, பொறி நின்றது. பெண்டிர் குடத்தோடு லாரிக்குக் காத்து நின்ற காட்சியை நான் விரித்துரைக்க வேண்டுவதில்லை.

இது எவ்வாறு நேர்ந்தது? கணினி எழுத்தை எழுத்தாக வைத்துக்கொள்வதில்லை. ஒவ்வோர் எழுத்துக்கும் ஓர் எண்ணை வைத்துக்கொள்கிறது. எந்த எண் எந்த எழுத்து என்பது மனிதர் தமக்குள் செய்துகொண்ட உடன்படிக்கை. 1963-இல் அமெரிக்காவில் வகுத்த ஆஸ்கி என்னும் முறையில் 128 இடங்களே உண்டு. ஆங்கில எழுத்தும் இலக்கமும் நிறுத்தற்குறியும் அவற்றுள் அடங்கிவிட்டன. பின்னர் 256 இடங்கள் கிடைத்தபோது, மேற்பாதியை அவரவர் தம் விருப்பப்படி நிரப்பினர். 1981-இல் வந்த ஐ.பி.எம். கணினியில் பாகைக் குறியின் எண் 248. பின்னால் வந்த விண்டோசில் பாகைக்கு எண் 176. 248 என்ற இடத்தில் டேனியரும் நார்வேயரும் எழுதும் சாய்கோட்டு வட்ட எழுத்து அமர்ந்தது. எண் மாறவில்லை, எண்ணுக்குப் பொருள் சொல்லும் பட்டியல் மாறிவிட்டது. அதே தாளில் மின்தடையின் அளவாகிய ஓம் குறி, தொப்பி அணிந்த ஒரு சிறு இ எழுத்தாகவும், அட்டவணைக் கோடுகள் தலையில் இரு புள்ளி தாங்கிய ஏ எழுத்துகளின் வரிசையாகவும் மாறியிருந்தன. அவை பிழை என்பது பார்த்த மாத்திரத்தில் விளங்கிற்று. சுழியம்போல் நின்ற ஒன்றுதான் எங்களை ஏமாற்றியது. முழுதும் குழம்பியதைவிட, குழம்பாததுபோல் நிற்பதற்கே அஞ்ச வேண்டும்.

இன்னொன்றும் நடந்தது. நம் இளைஞர் ஒருவர் நல்லெண்ணத்தோடு, விளங்காத குறிகளையெல்லாம் கேள்விக்குறியாக மாற்றி ஒரு "தூய" படி எடுத்து வைத்திருந்தார். அந்தப் படியிலிருந்து மூலத்தை மீட்க எவராலும் இயலாது. வேறுபட்ட குறிகள் எல்லாம் ஒரே குறியாகிவிட்டனவே! நல்லவேளை, குறுந்தகட்டைத் தூக்கி எறியவில்லை.

நிற்க. இவ்வகைத் துன்பம் கணினியோடு பிறந்தது அன்று. எங்கள் ஊர்ப்பக்கத்தார் ஆயிரம் ஆண்டுகளாக இதை அறிவர்.

பாறசாலைக்கு அண்மையில், இன்று கன்னியாகுமரி மாவட்டத்தின் விளவங்கோட்டுப் பகுதியில், முஞ்சிறையை அடுத்துப் பார்த்திவபுரம் என்ற ஊர் உள்ளது. ஆய் மரபின் மன்னன் கோக்கருநந்தடக்கன் முஞ்சிறைச் சபையாரிடமிருந்து நிலம் பெற்று, அங்கே திருமாலுக்குக் கோயில் எடுத்து, ஒரு சாலையையும் நிறுவினான். சாலை என்றால் வண்டி ஓடும் பாதை அன்று, கல்விக்கூடம். காந்தளூர்ச் சாலையை மாதிரியாகக் கொண்டு அமைந்த அதில் 95 மாணாக்கர்க்கு இடமிருந்தது. படைக்கலம் ஏந்தி வருவோர்க்கும் சண்டையிடுவோர்க்கும் என்ன தண்டம் என்பதுகூட அம்மன்னனின் செப்பேட்டில் விதிக்கப்பட்டிருக்கிறது. மாணவர் விடுதியின் தொல்லைகள் 9ஆம் நூற்றாண்டிலும் இன்று போலவே இருந்தன போலும்!

அச்செப்பேடுகள் திருவனந்தபுரத்து அசூர்க் கச்சேரியில், அஃதாவது திருவாங்கூர் அரசின் தலைமை அலுவலகத்தில், இருந்தமையால் அசூர்க் கச்சேரிச் செப்பேடுகள் எனப் பெயர்பெற்றன. தொல்பொருள் துறைக் கண்காணிப்பாளராக இருந்த து. அ. கோபிநாதராவ் அவற்றைப் படித்து, திருவாங்கூர்த் தொல்லியல் வரிசையின் முதல் தொகுதியில் வெளியிட்டார். தமிழ்ப் பகுதி வட்டெழுத்திலும், வடசொற்கள் கிரந்தத்திலும் உள்ளன. ஒரே ஏட்டில் இரண்டு எழுத்துமுறை! படிப்பவன் எங்கே ஒன்று முடிந்து மற்றொன்று தொடங்குகிறது என்பதை அறிந்து மாறிக்கொள்ள வேண்டும்.

அந்தச் செப்பேட்டில் என் மனத்தைக் கவர்ந்தது அதன் நாட்கணக்கு. கலியுகம் தொடங்கி 14,49,087 நாள் சென்றபின் எழுதியது என்று அது கூறுகிறது. கணக்கிட்டால் கி.பி. 866 வருகிறது. இவ்வளவு பெரிய எண்ணை இலக்கத்தால் எழுதாமல், சொல்லாலேயே எழுதி வைத்தனர். இலக்கம் ஒன்று தேய்ந்தால் ஆயிரம் நூறாகிவிடும். சொல்லில் ஓர் எழுத்துத் தேய்ந்தாலும் மற்ற எழுத்துகள் அதைக் காட்டிக்கொடுக்கும். இன்று வங்கிக் காசோலையில் தொகையை எண்ணாலும் எழுத்தாலும் எழுதுவதற்கும் காரணம் இதுவே.

தமிழ்நாட்டின் பிற பகுதிகளில் வட்டெழுத்து வழக்கிழந்து, இன்றைய தமிழெழுத்தின் முன்னோர் நிலைபெற்ற பின்னும், மலைக்கு இப்பால் வட்டெழுத்து பன்னூற்றாண்டுகள் வாழ்ந்தது. அதன் வழியில் கோலெழுத்து தோன்றியது. திருவனந்தபுரத்துக்குத் தெற்கே, எங்கள் பக்கத்தில், மலையாண்மை என்னும் எழுத்து வழங்கியது. பிற்கால வட்டெழுத்தில் எழுத்துகள் ஒன்றையொன்று ஒத்துப்போயின. ப எது, வ எது என்று வடிவத்தால் மட்டும் துணிய முடியாத இடங்கள் பல. ஓலையில் புள்ளி வைக்கும் வழக்கமும் இல்லை. புள்ளி குத்தினால் ஓலை கிழியும் என்பர். மெய்யா, உயிர்மெய்யா, எகரமா, ஏகாரமா என்பதைப் படிப்பவனே தீர்மானித்துக்கொள்ள வேண்டும். மொழி அறிந்தவன் தடுமாறாமல் படிப்பான். எழுத்து மட்டும் அறிந்தவன் அங்கேயே நிற்பான்.

இதற்கிடையே கிரந்தத்தின் வழிவந்த ஆரிய எழுத்து மலையாளத்துக்கு உரியதாக வளர்ந்து, அச்சேறி, பள்ளிக்கூடத்துக்குள் புகுந்தது. மலையாண்மை அச்சின் துணையின்றி மெல்ல மறைந்தது. திருவனந்தபுரம் பத்மநாபசுவாமி கோயிலின் மதிலகம் ஓலைகள் இலட்சக்கணக்கில் சுருணைகளாகக் கேரள ஆவணக் காப்பகத்தில் இருக்கின்றன. வட்டெழுத்தும் கோலெழுத்தும் மலையாண்மையும் அவற்றில் உள்ளன. 2022ஆம் ஆண்டு இறுதியில் கோட்டைப் பகுதியில் ஓலைச்சுவடி அருங்காட்சியகம் ஒன்றும் திறந்தார்கள். விடுமுறைக்கு ஊர் செல்வோர் கோயிலைக் கும்பிட்டுத் திரும்பும்போது ஒரு மணி நேரம் அங்கே செலவிடலாம்.

எங்கள் வீட்டிலும் ஓர் ஓலைக்கட்டு இருந்தது. பாட்டனாரின் தந்தை காலத்தது. நிலத்தின் ஆதாரம் என்றார் சிலர். வைத்தியச் சுவடி என்றார் சிலர். படிக்கத் தெரிந்தவர் ஒருவரும் இல்லாமையால் பூசையறையில் வைத்து ஆண்டுதோறும் சரசுவதி பூசையன்று பூச்சூட்டினார்கள். நான் சிறுவனாக இருக்கையில் கட்டை அவிழ்த்தபோது, பாதிக்குமேல் செல்லரித்திருந்தது. எஞ்சியதையும் எவரிடமும் காட்டவில்லை. காட்டியிருக்கலாம். காப்பகத்தில் படிப்பவர்கள் உண்டென்று அந்நாளில் எங்களுக்குச் சொல்வாரில்லை.

இனி 1956க்கு வருவோம். அவ்வாண்டு நவம்பர் முதல் நாள் மொழிவாரி மாநிலங்கள் அமைந்தன. தோவாளை, அகத்தீசுவரம், கல்குளம், விளவங்கோடு என்னும் நான்கு தாலுகாக்கள் சென்னை மாநிலத்தைச் சேர்ந்தன. நெய்யாற்றங்கரைத் தாலுகாவும் வேண்டுமென்று திருவிதாங்கூர் தமிழ்நாடு காங்கிரசு போராடியும், அது கேரளத்தில் நின்றது. களியக்காவிளை இப்பால், இஞ்சிவிளை அப்பால். மாமன் வீடு ஒரு மாநிலம், மருமகன் வீடு மற்றொரு மாநிலம். அரசியல் நியாயங்களை விவாதிப்பது என் நோக்கமன்று. எல்லைக்கோடு வீட்டுக்குள் எழுத்தைப் பிரித்ததை மட்டும் சொல்கிறேன்.

என் அத்தை மூத்தவர். எல்லைக்கு இப்பால் தாய்மாமன் வீட்டில் தங்கித் தமிழ்ப் பள்ளியில் படித்தார். அவருக்கு இளையவரான என் தந்தையார் 1956-இல் பள்ளியில் சேர்ந்தவர். பாறசாலைப் பக்கத்துப் பள்ளியில் மலையாளம் படித்தார். வீட்டில் இருவரும் பேசியது ஒரே தமிழ். ஆனால் தம்பி இரயில்வேயில் வேலை கிடைத்து வெளியூர் சென்றபின் எழுதிய கடிதத்தை அக்காள் படிக்க இயலவில்லை. தந்தையார் தமிழைத்தான் எழுதினார். மலையாள எழுத்தில் எழுதினார். அக்கடிதங்களை எடுத்துக்கொண்டு அத்தை பக்கத்து வீட்டுக்குப் போய்ப் படிக்கச்சொல்லிக் கேட்பாராம். குடும்ப இரகசியம் எதுவும் அந்நாளில் இரகசியமாக இருந்ததில்லை என்று பின்னாளில் சிரித்துக்கொண்டே சொல்வார்.

எழுத்தைக் கம்பியில் அனுப்பத் தொடங்கியபோதும் இதே சிக்கல். திருவனந்தபுரம் கன்னியாகுமரி இருப்புப்பாதை 1979-இல் திறந்தபோது பாறசாலைக்கும் நெய்யாற்றங்கரைக்கும் ஆங்கில எழுத்தில் குறியீடு கொடுத்தார்கள்: பாறசாலை பி.ஏ.எஸ்.ஏ., நெய்யாற்றங்கரை என்.ஒய்.ஒய். ஊர்ப்பெயரின் றகரத்துக்கு அக்குறியீடுகளில் இடமில்லை. டெலிபிரிண்டர் ஐந்து துடிப்புகளால் ஓர் எழுத்தைக் குறித்தது. அதனால் 32 குறிகளே கிடைக்கும். எழுத்துக்கும் இலக்கத்துக்கும் அது போதாது. ஆகவே "இனி எழுத்து", "இனி இலக்கம்" என்று இரண்டு மாற்றுக்குறிகள் வைத்தனர். வழியில் ஒரு மாற்றுக்குறி தொலைந்தால், டி, ஆர், ஐ என்று தொடங்கும் ஊர்ப்பெயர் 5, 4, 8 என்று அச்சாகும். 1960களில் நம் இரயில்வேக்கு வந்த ஐ.பி.எம். 1401 கணினிக்குத் தனி எழுத்துப் பட்டியல். 1964-இல் அதே நிறுவனம் அறிவித்த அடுத்த வகைக் கணினிக்கு வேறு பட்டியல். அதில் ஆங்கில ஏ எழுத்தின் எண் 193, ஆஸ்கியிலோ 65. ஒரு கணினியின் நாடாவை மற்றொன்றில் படிக்க நடுவே ஒரு மொழிபெயர்ப்பாளர் வேண்டியிருந்தது.

தமிழ் கணினிக்குள் வந்தபோது நாம் கண்ட கூத்து இன்னும் பெரிது. ஆங்கில எழுத்தின் எண்களிலேயே தமிழ் வடிவங்களை உட்கார வைத்தார்கள். பாமினி என்னும் எழுத்துருவில் தட்டச்சிட்ட "தமிழ்" என்ற சொல், அவ்வெழுத்துரு இல்லாத கணினியில் ஜே, கே, பி, ஓ, பின் ஓர் அரைப்புள்ளி என்று தெரியும். நம் சங்கத்தின் பழைய மலர்களுக்காகத் தட்டச்சிட்ட கோப்புகள் சில அந்நிலையில்தான் கிடக்கின்றன. 1999-இல் சென்னையில் நடந்த தமிழிணையம் மாநாட்டை ஒட்டித் தமிழக அரசு டாம், டாப் என்னும் முறைகளை ஏற்றது. உலகத் தமிழர் சிலர் டிஸ்கி என்றொரு முறை கண்டனர். எல்லா மொழிக்கும் பொதுவான யூனிகோடு 1991-இலேயே தமிழுக்கும் மலையாளத்துக்கும் தனித்தனி இடம் கொடுத்திருந்தது. நாம் அதற்கு வந்துசேரப் பல ஆண்டுகள் ஆயின.

இதில் எல்லைப்புறத்தானாகிய எனக்கு ஒரு வேடிக்கை. யூனிகோடில் எழுதியதைப் பழைய ஆங்கிலப் பட்டியலால் படித்தால் இரண்டு மொழியும் குப்பையாகவே தெரியும். ஆயினும் குப்பையிலும் வேற்றுமை உண்டு. தலையில் சாய்கோடு தாங்கிய சிறு ஏ எழுத்து இரண்டிலும் திரும்பத் திரும்ப வரும். அதன்பின் வட்டத்துக்குள் ஆர் எழுத்து அடிக்கடி நின்றால் அது தமிழ். தனியே ஒரு சாய்கோடு நின்றால் அது மலையாளம். அலுவலகத்தில் இவ்வாறு குழம்பிய கடிதம் வந்தால், ஒரு சொல்லும் படிக்காமலே எந்த மாநிலத்தது என்று சொல்லிவிடுவேன். இந்தக் குப்பையைத் திருத்தாமல், மறுபடி சேமிக்காமல் வைத்திருந்தால், சரியான பட்டியலைக் கொண்டு முழுவதையும் மீட்கலாம்.

மீண்டும் நீரேற்றுப் பொறிக்கு வருகிறேன். அந்தப் பொறி நிறுவப்பட்ட நாளிலிருந்து அதைப் பேணியவர் பிட்டராக இருந்த என் தந்தையார். பணியில் இருக்கும்போதே அவர் காலமாக, எனக்கு இவ்வேலை கிடைத்தது. பேரிங் மாற்றிய அன்று மாலை என் தாயார், "அப்பா ஒரு நோட்டில் எழுதி வைப்பாரே" என்றார். பெட்டிக்கடியில் நீல அட்டைக் குறிப்பேடு அகப்பட்டது. நூறு பக்கமும் மலையாள எழுத்து. எனக்குப் படிக்கத் தெரியாது. தாயார் நாகர்கோயில் பக்கம், அவருக்கும் தெரியாது.

எதிர்வீட்டுக் கண்ணூர்ச் சேச்சியை அழைத்தோம். அவர் மூக்குக் கண்ணாடியை மாட்டிக்கொண்டு ஒவ்வோர் எழுத்தாகக் கூட்டிப் படித்தார். எழுத்து அவருடையது, சொற்கள் அவருடையவை அல்ல. வாய் படித்தது, பொருள் விளங்கவில்லை. பக்கத்தில் இருந்த தாயார் அந்த ஒலியைக் கேட்டு அது இன்னதென்று சொல்ல, நான் தமிழில் எழுதினேன். இரண்டு பெண்களும் சேர்ந்துதான் ஒரு மனிதரின் கையெழுத்தைப் படித்தனர். நான்காம் பக்கத்திலேயே பேரிங் பற்றிய குறிப்பு வந்தது. வழக்கமான சூட்டைவிடப் பத்து டிகிரி கூடினால் நிற்க வேண்டும் என்று இருந்தது. "பத்து" என்பதை இலக்கத்தால் எழுதாமல் எழுத்தால் எழுதியிருந்தார். பார்த்திவபுரத்துச் செப்பேட்டைப் பற்றி அவர் கேள்விப்பட்டிருக்க மாட்டார்.

மூன்று மாலைகளில் அறுபது பக்கம் முடிந்தது. மழைக்காலத்தில் மூன்றாவது ரிலே ஒட்டிக்கொள்ளும் என்பதும், வால்வைத் திறக்கும் முறையும், எந்த மாதம் எவ்வளவு கிரீசு என்பதும் அதில் இருந்தன. தமிழில் எடுத்த படி இப்போது பம்பு அறையில் மாட்டப்பட்டிருக்கிறது. எண்களை இலக்கத்தாலும் எழுத்தாலும் எழுதியுள்ளேன்.

ஓரிடத்தில் சேச்சி நின்றுவிட்டார். பெட்டியின் உட்புறத்தைப் பழைய சாரத்தால் துடைக்க வேண்டும் என்று இருந்தது. மலையாளத்தில் சாரம் என்றால் பிழிந்த சத்து. "எந்தச் சத்தை ஊற்றித் துடைப்பது? கரண்டுப் பெட்டியாயிற்றே!" என்று அவர் அஞ்சினார். தாயார் சிரித்துவிட்டார். எங்கள் பக்கத்தில் சாரம் என்றால் கைலி. எழுந்துபோய் இரும்புப் பெட்டியைத் திறந்து, கட்டம் போட்ட பழைய துணி ஒன்றைக் கொணர்ந்து சேச்சியின் மடியில் வைத்தார். அதன் ஒரு மூலையில் கிரீசுக் கறை இன்னும் இருந்தது.